வீட்டு இணையத்தின் வேகமும் நிறுவனங்களின் போட்டியும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் இணையக் கம்பியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். இக்கழகம் தோன்றிய நாளில் நம் மாணவனுக்குத் தேவைப்பட்டவை புத்தகம், நோட்டு, விடுதியில் ஓர் இடம், உதவித்தொகைக்கான விண்ணப்பத் தாள் ஆகியன. அவ்விண்ணப்பம் இன்று தாளில் இல்லை. உதவித்தொகையாயினும், கல்லூரிச் சேர்க்கையாயினும், அரசுப் பணித் தேர்வாயினும் பெரும்பாலும் இணையத்தின் வழியே விண்ணப்பிக்க வேண்டிய நிலை வந்துவிட்டது. 2020 மார்ச்சுத் திங்களில் பள்ளிகள் மூடப்பட்டபோது வகுப்பறையே இணையத்திற்குள் சென்றுவிட்டது. வீட்டில் இணைப்புள்ள பிள்ளை பாடம் கேட்டது. தந்தையின் கைப்பேசியில் அன்றைய அளவு தீர்ந்துபோன பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. அந்தப் படிக்கட்டுகளில் பெரும்பாலானவை எந்தத் தெருக்களில் இருந்தன என்பதை இவ்வவைக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நாம் இன்று ஆராய எடுத்துக்கொண்ட வினா இதுவே: ஒரு தெருவில் 3 நிறுவனங்கள் வாசலில் வந்து நின்று நொடிக்கு 300 மெகாபிட் வேகம் தருகிறோம் என்று கெஞ்ச, அதே ஊரின் மற்றொரு தெருவில் ஒருவரும் எட்டிப் பாராதது ஏன்? அறிவியல் வளர வளர எல்லாம் எல்லோரையும் வந்தடையும் என்று நம்மிடம் கூறப்படுவதுண்டு. வந்தடைவதும் உண்மை. ஆனால் யாரிடம் முதலில், எந்த விலையில், எந்த வேகத்தில் என்பதை அறிவியல் மட்டும் தீர்மானிப்பதில்லை. அத்தெருவில் எத்தனை நிறுவனங்களின் கம்பி ஓடுகிறது என்பது பெருமளவு தீர்மானிக்கிறது.

நம் நாட்டு வரலாற்றையே பாருங்கள். விதேஷ் சஞ்சார் நிகாம் என்னும் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. 1998 நவம்பரில் தனியாருக்கு உரிமம் வழங்கும் கொள்கை வரும்வரை பொதுமக்களுக்கு அதைவிட்டால் வேறு கதியில்லை. 2004ஆம் ஆண்டின் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அதனைப் பிராட்பேண்ட் என்று அழைக்கலாம் என்றது. ஒரு மெகாபிட்டில் கால் பங்கு! பின்னர் அது 512 ஆயிற்று. 2023இல்தான் 2 மெகாபிட் ஆயிற்று. இது சட்டத்தின் நடை. சந்தையின் நடையோ வேறு. 2019 செப்டம்பர் 5 அன்று ஜியோ நிறுவனம் வீடுகளுக்கான பைபர் சேவையை 100 மெகாபிட் வேகத்தில், மாதம் 699 ரூபாயிலிருந்து தொடங்கியது. சில நாட்களுக்குள் ஏர்டெல் நிறுவனம் 3,999 ரூபாய்க்கு 1 ஜிகாபிட், அதாவது 1,000 மெகாபிட் தருவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு அதே பருவத்தில் ஜியோ 399 ரூபாய்க்கு 30 மெகாபிட் அளவில்லாச் சேவை என்றது. ஏர்டெல் 499 ரூபாய்க்கு 40 மெகாபிட் என்றது. அந்த ஒரு வாரத்தில் கண்ணாடி இழையில் எவரும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிடவில்லை. எதிர்க்கடை திறந்தது, அவ்வளவே.

இதன் உட்பொருளை அறிய ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 வீடுகள் கொண்ட ஒரு தெருவில் கம்பி இழுக்க 1,00,000 ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 வீடுகள் சேர்ந்தால் ஒரு வீட்டின் மேல் விழும் செலவு 2,500 ரூபாய். 10 வீடுகளே சேர்ந்தால் அது 10,000 ரூபாய். சேருவோர் எத்தனை பேராயினும் தெருவில் கம்பி இழுக்கும் செலவு ஏறத்தாழ ஒன்றே. இரண்டாவது நிறுவனம் வரும்போது அதே 40 வீடுகள் இரண்டாகப் பிரிகின்றன; மூன்றாவது வந்தால் மூன்றாக. எனவே வீடுகள் நெருங்கியிருந்து, மாதந்தோறும் தவறாமல் பணம் கட்டக்கூடியோர் நிறைந்த தெருவில்தான் இரண்டாவது, மூன்றாவது நிறுவனம் கால்வைக்கும். ஏழைகள் வாழும் தெருவில் ஒரு நிறுவனம் இருந்தாலே பெரிது. அந்த ஒரு நிறுவனத்திற்கும் தன் பழைய செப்புக் கம்பியை மாற்ற எந்த அவசரமும் இல்லை. அதைவிட்டு வாடிக்கையாளர் போவதற்கு வேறிடம் ஏது? செப்புக் கம்பிக்கு மற்றொரு குணமும் உண்டு. தொலைபேசி நிலையத்திலிருந்து தொலைவு மிகமிக அதில் வேகம் குறைந்துகொண்டே போகும். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட குடியிருப்புக்கு அத்தொலைவும் சேர்ந்து தண்டனையாகிறது.

விளம்பரத்தில் வரும் "100 மெகாபிட் வரை" என்னும் தொடரில் உள்ள "வரை" என்னும் சொல்லையும் நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். ஒரு கம்பியின் கொள்ளளவைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டே நிறுவனங்கள் விற்கின்றன. மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்தால், தெருக்குழாயில் கடைசி வீட்டுக்கு வரும் தண்ணீரைப் போல் வேகம் இளைத்துவிடும். போட்டியுள்ள தெருவில் இவ்வாறு இளைத்தால் வாடிக்கையாளர் அடுத்த நிறுவனத்திற்குப் போய்விடுவார் என்ற அச்சத்தால் கொள்ளளவைக் கூட்டுவார்கள். போட்டியில்லாத இடத்தில் புகார் எண்ணைத் தருவார்கள்.

இனி, நாம் விரிவாகக் கூற விழையும் செய்திக்கு வருவோம். இது அமெரிக்காவில் நடந்தது. கறுப்பின மக்களின் வரலாற்றோடு பிணைந்தது. கடல் கடந்த கதையாயினும் நம் இளைஞர்கள் இதனை ஊன்றிக் கேட்க வேண்டுகிறோம்.

கூகுள் நிறுவனம் 2010ஆம் ஆண்டில், ஒரு சில இடங்களைத் தேர்ந்து அங்கு வீடுகளுக்கு 1 ஜிகாபிட் வேகம் தரும் பைபர் கம்பி இழுக்கப் போவதாக அறிவித்தது. ஏறத்தாழ 1,100 ஊர்கள் எங்களிடம் வாருங்கள் என்று விண்ணப்பித்தன. 2011இல் கான்சஸ் சிட்டி தேர்வாயிற்று. மாநில எல்லையின் இருபுறமும் அதே பெயரில் இரண்டு நகரங்கள் உள்ளன. இரண்டுமே இத்திட்டத்தில் சேர்ந்தன. மாதக் கட்டணம் 70 டாலர்.

போட்டியின் வலிமை என்னவென்பதை அந்நகரம் நன்றாகவே காட்டியது. ஏ.டி.&டி. என்னும் பழம்பெரும் தொலைபேசி நிறுவனம் 2015இல் அங்குத் தானும் 1 ஜிகாபிட் சேவையைக் கொண்டுவந்தது. விலை 70 டாலர். அதே நிறுவனம், அதே ஆண்டில், அதே வேகத்தைக் கலிபோர்னியாவிலுள்ள குபர்டினோ நகரில் 110 டாலருக்கு விற்றது. குபர்டினோ ஏழை ஊரன்று. ஆப்பிள் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் செல்வ நகரம். அங்கே கூகுள் கம்பி இல்லை என்பதே வேறுபாடு. எதிரில் ஆள் இல்லாமையின் விலை மாதம் 40 டாலர்.

இதுவரை போட்டியின் புகழ். இனி அதன் எல்லை.

கான்சஸ் சிட்டியின் மிசௌரிப் பகுதியில் ட்ரூஸ்ட் என்னும் சாலை வடக்குத் தெற்காக ஓடுகிறது. அச்சாலைக்கு மேற்கே பெரும்பாலும் வெள்ளையர். கிழக்கே பெரும்பாலும் கறுப்பர். இது தானாக அமைந்ததன்று. வீடு விற்பவர்கள் கறுப்பருக்கு விற்கலாகாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்தனர். பள்ளிகளில் நிறவேற்றுமை கூடாதென்று 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரும், பள்ளி எல்லைகளை அச்சாலையை ஒட்டியே வகுத்துப் பல்லாண்டுகள் பிள்ளைகளைப் பிரித்தே வைத்தனர். ஊரும் சேரியும் என்று நாம் சொல்வதை அவர்கள் ட்ரூஸ்டுக்கு மேற்கு, ட்ரூஸ்டுக்குக் கிழக்கு என்று சொன்னார்கள்.

அந்நாட்டில் கேபிள் நிறுவனங்கள் ஒரு நகருக்குள் வரும்போது, நகரின் எல்லாப் பகுதிகளுக்கும் கம்பி இழுக்க வேண்டும் என்று நகராட்சிகள் நிபந்தனை விதிப்பது பழைய வழக்கம். கூகுளை வரவேற்ற ஆர்வத்தில் அந்நிபந்தனை கைவிடப்பட்டது. அதற்கு மாறாக நிறுவனம் நகரை 202 கூறுகளாகப் பிரித்தது. எந்தக் கூறில் போதுமான வீடுகள் முன்பதிவு செய்கின்றனவோ அங்கேதான் கம்பி இழுக்கப்படும். போதுமான அளவு என்பது இடத்திற்கேற்ப நூற்றுக்கு 5 முதல் 25 வீடுகள். முன்பதிவுக் கட்டணம் 10 டாலர். காலக்கெடு 2012 ஜூலை 26 முதல் செப்டம்பர் 9 வரை. தகுதி பெற்ற கூறுகளில் உள்ள பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் இலவச இணைப்புத் தரப்படும் என்றும் சொல்லப்பட்டது. கூர்ந்து நோக்குங்கள்: பெற்றோர் 10 டாலர் கட்டத் தவறினால் பிள்ளையின் பள்ளிக்கும் இணைப்பு இல்லை.

பதிவு செய்வதும் இணையத்தில்தான். அதற்குக் கூகுள் கணக்கும் வங்கி அட்டையும் வேண்டும். இணையம் இல்லாதவன் தனக்கு இணையம் வேண்டும் என்பதை இணையத்தில் போய்ச் சொல்ல வேண்டும்! நம் ஊரில் சாதிச் சான்றிதழ் வாங்க அலைந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

தகுதி பெற்ற பகுதிகளையும் பெறாதவற்றையும் வெவ்வேறு நிறத்தில் காட்டும் நிலப்படம் ஒன்று நாள்தோறும் வெளியாயிற்று. சில வாரங்களில் அப்படத்தில் ட்ரூஸ்ட் சாலை தெளிவாகத் தெரிந்தது. எவரும் அதனை வரையவில்லை. மேற்கே பகுதிகள் ஒவ்வொன்றாகத் தகுதி பெற்றன. கிழக்கே பல அப்படியே நின்றன. எந்தச் சட்டமும் எந்த அதிகாரியும் கறுப்பருக்குக் கம்பி இல்லை என்று சொல்லவில்லை. பழைய பிரிவினை தன் கணக்கைத் தானே எழுதிக்கொண்டது.

அப்போது அங்கு நடந்ததே நமக்கு முதன்மையானது. ஆசிரியர்கள், நூலகப் பணியாளர்கள், தொண்டர்கள், அக்கம்பக்கத்துச் சங்கத்தினர் ஆகியோர் வீடு வீடாகச் சென்றனர். நிறுவனத்தின் ஆட்களும் தெருவுக்கு வந்தனர். பதிவு செய்யத் தெரியாதோர்க்குப் பதிவு செய்து கொடுத்தனர். 10 டாலர் இல்லாதோர்க்காக நன்கொடை திரட்டிக் கட்டியவர்களும் இருந்தனர். காலக்கெடு முடிந்தபோது 202 கூறுகளில் 180 தகுதி பெற்றிருந்தன. கிழக்கே தகுதி பெற்றவற்றில் பல, கடைசி நாட்களில் மனிதர் நடந்து சேர்த்தவை.

வெற்றி என்று இங்கேயே நிறுத்திக்கொண்டால் நாம் உண்மையை மறைத்தவர்களாவோம். கம்பி தெருவுக்கு வந்தது, வீட்டுக்குள் வந்ததா? வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் 2014இல் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. 6 ஏழைப் பகுதிகளில் பத்தில் ஒரு வீடே முழு வேகச் சேவையைப் பெற்றிருந்தது. வசதியான பகுதிகளிலோ பாதிக்கு மேற்பட்ட வீடுகள் பெற்றிருந்தன. 300 டாலர் இணைப்புக் கட்டணம் கட்டினால் 5 மெகாபிட் வேகச் சேவை மாதக் கட்டணமின்றிக் கிடைக்கும் என்ற திட்டமும் இருந்தது. வாடகைக்குக் குடியிருப்பவன் பிறர் வீட்டுச் சுவருக்கு ஏன் 300 டாலர் கட்டுவான்? வீட்டுக்காரன் தான் குடியிராத வீட்டுக்கு ஏன் கட்டுவான்? 2016இல் அத்திட்டம் அந்நகரில் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டது.

இது ஒரு நகரத்தின் கதை மட்டுமன்று. 1930களில் அந்நாட்டு நடுவணரசின் வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று நகரங்களின் படங்களை வரைந்து, கடன் கொடுக்கத் தகாத பகுதிகளைச் சிவப்பு நிறத்தில் தீட்டியது. கறுப்பர் வாழ்ந்த பகுதிகள் சிவப்பாயின. 2017இல் கிளீவ்லாந்து நகரைப் பற்றி வெளியான ஓர் அறிக்கை, வறுமை மிக்க பகுதிகளில் ஏ.டி.&டி. நிறுவனம் தன் கம்பிகளைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டது என்று அரசுக்கு அந்நிறுவனமே அளித்த புள்ளிகளைக் கொண்டு காட்டியது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. 2022இல் தி மார்க்கப் என்னும் செய்தி நிறுவனம் 38 நகரங்களில் 8 லட்சத்திற்கும் மேற்பட்ட முகவரிகளுக்கு 4 பெரிய நிறுவனங்கள் கூறிய வேகத்தையும் விலையையும் திரட்டிப் பார்த்தது. விலை ஒன்றே; வேகம் மட்டும் தெருவுக்குத் தெரு வேறு. பெரும்பாலான நகரங்களில் ஏழைகளும் வெள்ளையரல்லாதாரும் வாழும் தெருக்களுக்கே மிகக் குறைந்த வேகம் வாய்த்திருந்தது; பழைய சிவப்புப் பகுதிகளுக்கும் அதே கதி. தாங்கள் நிறம் பார்ப்பதில்லை, பழைய கம்பியைப் பேணும் செலவே காரணம் என்பது நிறுவனங்களின் மறுமொழி.

இம்மறுமொழியைப் பொய்யென்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. கணக்குப் புத்தகத்திற்கு நிறமும் தெரியாது, சாதியும் தெரியாது என்றே கொள்வோம். ஆனால் எந்தத் தெருவில் யார் குடியிருக்க வேண்டும், யார் எவ்வளவு ஈட்டலாம் என்பதை நிறமும் சாதியும் முன்னமே தீர்த்துவைத்துவிட்டன. அதன் பிறகு வரும் கணக்குப் புத்தகம் கூட்டிக் கழித்தாலே போதும். பழைய கோடு மீண்டும் விழும். ஆகவே "போட்டி வரட்டும், எல்லாம் சரியாகும்" என்பாரோடு நாம் பாதி வழிதான் செல்ல முடியும்.

மீதி வழிக்கு என்ன செய்வது? டென்னசி மாநிலத்தில் சட்டனூகா என்றொரு நகரம். அங்கு மின்சாரம் வழங்குவது நகராட்சிக்குச் சொந்தமான நிறுவனம், 1935இல் தோன்றியது. மின்தடையைக் குறைப்பதற்காகத் தன் மின்பாதை முழுவதும் பைபர் இழுத்த அந்நிறுவனம், 2010 செப்டம்பரில் தன் எல்லைக்குள் உள்ள எல்லா வீடுகளுக்கும் 1 ஜிகாபிட் இணைப்பு உண்டு என்று அறிவித்தது. மின்கம்பம் எங்கெல்லாம் போயிற்றோ அங்கெல்லாம் இணையமும் போயிற்று. இதனைத் தடுக்கக் கேபிள் நிறுவனமான காம்காஸ்ட் முன்னதாகவே நீதிமன்றம் சென்றது, வெல்லவில்லை. ஆயினும் மின் எல்லைக்கு அப்பால் அந்நிறுவனம் இணையம் விற்க மாநிலச் சட்டம் இடந்தரவில்லை. தடையை நீக்க நடுவண் ஆணையம் 2015இல் எடுத்த முடிவை 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது. போட்டியைப் போற்றிப் பேசும் நிறுவனங்கள், பொதுமக்களின் நிறுவனமே போட்டிக்கு வந்தபோது எங்கே ஓடின என்பதை நம் இளைஞர்கள் குறித்துக்கொள்ளலாம். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, அந்நகரமும் அதன் மாவட்டமும் ஏழை மாணவர் ஏறத்தாழ 28,000 பேருக்கு 100 மெகாபிட் வீட்டு இணைப்பை 10 ஆண்டுகளுக்கு இலவசமாகத் தரும் திட்டத்தைத் தொடங்கின. கம்பி தங்கள் கையில் இருந்தமையால் அது இயன்றது.

வேறொரு வழி ஸ்டாக்ஹோம் நகரத்தின் வழி. 1994இல் அந்நகராட்சி தானே ஒரு நிறுவனம் அமைத்துக் கண்ணாடி இழையைப் புதைத்தது. தான் இணையம் விற்காமல், விற்க விரும்புவோர் அனைவர்க்கும் ஒரே நிபந்தனையில் அவ்விழையை வாடகைக்கு விட்டது. சாலை பொது, வண்டிகள் பலருடையவை. முன்னர்ச் சொன்ன 40 வீட்டுக் கணக்கு இங்கே மாறிவிடுகிறது. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே தெருவைத் தோண்ட வேண்டியதில்லை யாதலின் ஏழைத் தெருவிலும் இரண்டு, மூன்று பேர் விற்க இயலும்.

நம் நாட்டிலும் இதற்கான விதை உண்டு. கிராம ஊராட்சிகளை இழையால் இணைக்கும் நடுவணரசுத் திட்டம் 2011இல் ஒப்புதல் பெற்றது. இன்று அதன் பெயர் பாரத்நெட். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு அதனைக் கொண்டுசெல்லும் பொறுப்பு டான்பிநெட் என்னும் மாநில அரசு நிறுவனத்திடம் உள்ளது. கேரள அரசு 2023 ஜூன் 5 அன்று தொடங்கிவைத்த கே-போன் திட்டம், 20 இலட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பை இலக்காகக் கொண்டது. ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை வரும் கம்பி, அங்கிருந்து எந்தத் தெருவுக்குத் திரும்பும் என்பதுதான் வினா. பல ஊர்களில் அவ்வலுவலகம் எங்கே இருக்கிறது, நம் குடியிருப்பு எங்கே இருக்கிறது என்பது நாம் அறிந்ததே. கடைசிக் கம்பியை இழுப்பவர் உள்ளூர் கேபிள்காரராக இருந்தால், அவர் போடுவதும் அந்த 40 வீட்டுக் கணக்கே.

இங்கே ஒரு பழஞ்செய்தியை நினைவூட்டுவோம். பொதுச் சாலைகளும் பொதுக் கிணறுகளும் எல்லா மக்களுக்கும் உரியன என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசனார் கொண்டுவந்து நிறைவேற்றினார். இன்று ஒவ்வொரு நிறுவனத்தின் கம்பியும் அப்பொதுச் சாலையின் ஓரத்தில்தான், உள்ளாட்சியின் அனுமதி பெற்றுத்தான், புதைக்கப்படுகிறது. அல்லது பொதுக் கம்பங்களில் தொங்குகிறது. சாலையைத் தோண்ட அனுமதி கேட்டு வருபவரிடம், அச்சாலை முடியும் இடம்வரை இழுப்பாயா என்று கேட்க ஊராட்சி மன்ற உறுப்பினருக்கு வாயுண்டு. நம்மவர் பலர் இன்று அம்மன்றங்களில் அமர்ந்திருக்கின்றனர். கம்பி இழுத்து முடிந்த பின் கேட்பதைவிட, பள்ளம் தோண்டுமுன் கேட்பது எளிது.

கேட்பதற்குக் கையில் கணக்கு வேண்டும். கிளீவ்லாந்தில் வாதத்தை நிறுத்தியது தெருவாரியான புள்ளியே. கான்சஸ் சிட்டியில் மக்களை நடக்கவைத்தது அந்த நிலப்படமே. ஆகவே நம் கழகத்தின் இளைஞர் பிரிவு ஒரு பணியை மேற்கொள்ளலாம் என்று கருதுகிறோம். ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு நோட்டு. எத்தனை வீடுகள், எத்தனை நிறுவனங்களின் கம்பி தெருவுக்குள் வருகிறது, எத்தனை வீடுகள் இணைப்புப் பெற்றுள்ளன, மாதம் எவ்வளவு கட்டுகின்றன, இணைப்புக் கேட்டு மறுக்கப்பட்டவர் யார், மறுத்தபோது சொன்ன காரணம் யாது என்பனவற்றை அதில் எழுத வேண்டும். இணைப்புள்ள வீடுகளில் மாலை 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையே வேகத்தை அளந்து குறிக்க வேண்டும். நள்ளிரவில் அளந்த வேகம் எவர்க்கும் பயன்படாது. அளப்பதற்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் மைஸ்பீடு செயலி கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதே ஊரின் மற்றத் தெருக்களிலும் 10 வீடுகளில் அளந்து, அதே நோட்டின் எதிர்ப்பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.

அந்நோட்டுகளை அடுத்த பொதுக்குழுவின் முன் வைப்போம். கிராம சபையில் எவற்றை எடுத்துரைப்பது, எந்த நிறுவனத்திடம் 40 வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் மனுக் கொடுப்பது என்பதை அங்கு முடிவு செய்துகொள்ளலாம்.